கார்டு இல்லாமலும் கேம் வாங்கலாம்

"மாமா, உங்க கிரெடிட் கார்டு நம்பர் சொல்லுங்க. ஒரே ஒரு கேம்தான்!"

பள்ளி விடுமுறை தொடங்கினால் அக்கா மகனிடமிருந்து இந்த அழைப்பு தவறாமல் வந்துவிடும். நான் நம்பர் கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்துக் கணக்கில் சேமித்துவிட்டால், அடுத்த கேமுக்கு யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை! அதற்குப் பதிலாக, அவனுக்குச் சொன்ன வழிகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணினியில் விளையாடுபவர்களுக்கு ஸ்டீம் தெரியாமல் இருக்காது. மலேசியக் கணக்கென்றால் விலை ரிங்கிட்டிலேயே தெரியும். செவன் இலெவன் போன்ற கடைகளில் ரொக்கம் கொடுத்து ஸ்டீம் வாலட் கோடு வாங்கலாம். அதைக் கணக்கில் பதிந்தால் அந்தத் தொகை வாலட்டில் சேரும். அங்கே போன பணத்தை மீண்டும் வங்கிக்கு மாற்ற முடியாது. ஆகவே தேவைக்கு மட்டும் போடுங்கள். வாங்கிய கேம் பிடிக்கவில்லையா? 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பல பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

பிளேஸ்டேஷன் அட்டையில் வேறொரு சிக்கல். கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாட்டுக்கான அட்டைதான் செல்லும். வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா ஆசையாக வாங்கி வரும் அட்டை, இங்கே வெறும் பிளாஸ்டிக்.

கைப்பேசி கேம்களுக்கு கூகுள் பிளேயில் டச் அண்ட் கோ மின்பணப்பையை இணைக்கலாம். தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் வசதியும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. மாதக் கடைசியில் அப்பாவின் பில் வரும்வரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எதை இணைத்தாலும், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி முதலில் மாற்றிவிடுங்கள்.

இனி, நான் இதை எழுதுவதற்கான காரணம். எங்கள் தாமானில் 14 வயதுப் பையன் ஒருவன் தீபாவளி அங்பாவ் பணத்தில் 150 வெள்ளிக்குக் கோடு வாங்கினான். கேமில் பழக்கமான ஒருவன், "படம் எடுத்து அனுப்பு, இரண்டு மடங்கு டைமண்ட் தருகிறேன்" என்றிருக்கிறான். படம் போனது. பணமும் போனது. கோடு என்பது ரொக்கம்தான். எண்ணைப் பார்த்தவன் எடுத்துக்கொள்வான். வீட்டில் அடி விழுமோ என்று பயந்து பையன் 2 வாரம் வாயே திறக்கவில்லை. பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள். வங்கியிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ பணம் பறிபோயிருந்தால், தாமதிக்காமல் தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

கேட்டு வாங்கும் பழக்கத்துக்கு ஸ்டீமிலேயே ஒரு வழி இருக்கிறது. 2024-இல் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸில் ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர்வரை இணையலாம். பிள்ளை கேமைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், பெரியவர் பார்த்துப் பணம் கட்டலாம்.

கையில் ஒரு சென்னும் இல்லையா? எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரந்தோறும் ஒரு கேமையாவது இலவசமாகத் தருகிறது. அந்த வாரத்துக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும், பிறகு எப்போது வேண்டுமானாலும் விளையாடலாம்.