டெஃப்ல் கோர்ஸுக்கு பணம் கட்டும் முன் உங்க பாஸ்போர்ட்டைப் பாருங்க

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையில் இருக்கிற பல பேர் மனசில் இப்போ ஒரே கேள்விதான் ஓடுது. இந்த ஃபீல்டை விட்டு வெளியே போயிடலாமா? 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து அது கொஞ்சம் சத்தமாவே கேட்குது. ஆர்டர் நிக்குமா, இன்க்ரிமெண்ட் வருமான்னு தெரியாத நேரத்தில் போனைத் திறந்தா ஒரு விளம்பரம் வந்து நிக்குது: 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ், டெஃப்ல் சர்டிபிகேட், கொரியா, சீனா, தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை.

ஆசையில் தப்பே இல்லைங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஜெர்மனி பையருக்கு மெயில் அடிக்கிறீங்க. லேப் டிப் ஏன் லேட்டாச்சுன்னு அரை மணி நேரம் கால்ல விளக்குறீங்க. இங்கிலீஷ் உங்ககிட்ட இருக்கு. அதை வெச்சு வேற வாழ்க்கை அமைச்சுக்கலாம்னு தோணுறது இயல்புதான்.

ஆனா என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். இந்த வேலைக்கு முதல் தகுதி சர்டிபிகேட் கிடையாது, பாஸ்போர்ட். இதை விளம்பரத்தில் யாரும் பெரிய எழுத்தில் போடறதில்லை.

கொரியாவை எடுத்துக்குங்க. அங்கே இங்கிலீஷ் சொல்லித்தர வாங்க வேண்டியது இ-2 விசா. அது பொதுவா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நீங்க எவ்வளவு நல்லா பேசினாலும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்னு ஒரு சின்னக் கதவு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள போகவும் டிகிரியோட முறையான ஆசிரியர் தகுதி வேணும். ஆன்லைன்ல வாங்கின டெஃப்ல் காகிதம் அந்தத் தகுதி ஆகாது. சீனாவும் மொழி சொல்லித்தர பொதுவா தாய்மொழி ஆங்கிலக்காரங்களைத்தான் கேட்குது. அதோட 2021 ஜூலையில் ட்யூஷன் கம்பெனிகள் மேல அவங்க போட்ட கட்டுப்பாட்டில் அந்தத் தொழிலே பாதி சுருங்கிப் போச்சு.

தாய்லாந்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பிலிப்பைன்ஸ்காரங்க நிறைய பேர் அங்கே இங்கிலீஷ் டீச்சர்களா இருக்காங்க, இந்தியர்களும் இருக்காங்க. டிகிரி வேணும், இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர் வேணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. விளம்பரத்தில் காட்டுற சம்பளம் பெரும்பாலும் வெள்ளைக்கார பாஸ்போர்ட்டுக்கான சம்பளம். ஒரே ஸ்டாஃப் ரூம்ல ஒரே வகுப்புக்கு இரண்டு சம்பளம் ஓடுது. இது அநியாயம்தான். ஆனா அந்த அநியாயத்தைத் தெரிஞ்சே மறைச்சு கோர்ஸ் விக்கிறவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம்.

டெஃப்ல் என்பது ஒரு யுனிவர்சிட்டியோட பேரும் இல்லை. வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லித்தர்ற பயிற்சிக்கு அது ஒரு பொதுப்பெயர், அவ்வளவுதான். எல்லாரையும் கட்டுப்படுத்துற ஒரே வாரியமும் இல்லை, யார் வேணும்னாலும் சர்டிபிகேட் அச்சடிக்கலாம். இதில் நிஜமான மதிப்பு இருக்கிற ஒண்ணு கேம்பிரிட்ஜ் தர்ற செல்டா. அதில் நிஜ மாணவர்கள் முன்னாடி ஆறு மணி நேரம் நின்னு பாடம் எடுக்கணும், பின்னாடி ஒருத்தர் உக்காந்து மார்க் போடுவார். ஃபீஸ் லட்சத்தைத் தாண்டும். அதை முடிச்சாலும் உங்க பாஸ்போர்ட் மாறாது.

இனி என் ஏரியா. என்கிட்ட ரிட்டர்ன் போட வர்ற ஒரு தம்பி, சம்பளம் 28,000, ஒரு பயிற்சி நிறுவனத்தோட பேக்கேஜ் பேப்பரைக் காட்டினார். மொத்தம் 1,80,000 ரூபாய். பர்சனல் லோன் அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்களாம். 16 சதவீத வட்டி, மூணு வருஷம். இ.எம்.ஐ. சுமார் 6,330. கட்டி முடிக்கும்போது 2,28,000 ரூபாய் போயிருக்கும், அதில் 48,000 வட்டி மட்டும். பேப்பரோட அடியில் "வரிச்சலுகை உண்டு"ன்னு ஒரு வரி வேற.

சிரிப்புதான் வந்தது. படிப்புக் கடன் வட்டிக்கான 80இ கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். பர்சனல் லோனை அதுக்குள்ள கொண்டுவர்றதும் கஷ்டம். அதெல்லாம் போகட்டும், 2025-26-லிருந்து புதிய முறையில் சம்பளக்காரங்களுக்கு வருஷம் 12,75,000 ரூபாய் வரை வரியே இல்லை. 28,000 வாங்குறவருக்கு எந்த வரியில் சலுகை தரப்போறாங்க?

அந்தப் பேப்பரில் "வேலை உறுதி"ன்னு எங்கேயும் இல்லை, "பிளேஸ்மெண்ட் உதவி"ன்னுதான் இருந்தது. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் திருப்பூருக்கும் சியோலுக்கும் இருக்கிற தூரம். 1,80,000-ல் கோர்ஸுக்கு எவ்வளவு, வேலை வாங்கித்தர எவ்வளவுன்னு பிரிச்சு எழுதலை. விசா கிடைக்கலைன்னா எவ்வளவு திருப்பித் தருவாங்கன்னும் இல்லை. காசு வாங்கி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பணும்னா 1983 குடியேற்றச் சட்டப்படி லைசென்ஸ் வேணும். அந்த நம்பரை மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். லைசென்ஸ் இருக்கிற ஏஜென்ட் கூட உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அது மேல ஜி.எஸ்.டி. அவ்வளவுதான் உச்சவரம்பு. அதனால்தான் சில இடங்களில் மிச்சத்தை "டிரெய்னிங் ஃபீஸ்"னு பில் போடுறாங்க.

"முதல்ல டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. 2022-ல் தாய்லாந்தில் வேலைன்னு நம்பிப் போன தமிழ்நாட்டுப் பசங்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் அடைச்சு வெச்சாங்க. அவங்க போனது டீச்சர் வேலைக்கு இல்லை, ஐ.டி. வேலைன்னு நம்பி. ஆனா கூப்பிட்ட விதம் இதேதான்.

சரி, நிஜமாவே சொல்லித்தர்றது பிடிச்சிருக்கு, வெளிநாடும் போகணும். என்ன பண்ணலாம்? இந்திய பாஸ்போர்ட்டுக்கு நேராத் திறந்திருக்கிற கதவு வளைகுடா நாடுகளில் இருக்கிற சி.பி.எஸ்.இ. பள்ளிகள். மாலத்தீவும் இந்திய ஆசிரியர்களை ரொம்ப காலமா எடுக்குது. இங்கெல்லாம் கேக்கறது டெஃப்ல் இல்லை, டிகிரியும் பி.எட்.டும். பி.எட். இப்போ ரெண்டு வருஷம். தமிழ்நாட்டில் இங்கிலீஷ் பாடத்துக்கு சேரணும்னா பி.ஏ. ஆங்கிலம் பார்ப்பாங்க. ஃபேஷன் டெக்னாலஜி படிச்சவங்க சேரும் முன் தகுதியை விசாரிச்சுக்குங்க. இக்னோவில் தபால் வழி பி.எட். இருக்கு, ஆனா அது ஏற்கெனவே ஆசிரியரா இருக்கிறவங்களுக்கு.

ரெண்டு வருஷப் படிப்போட பெரிய செலவு ஃபீஸ் இல்லை, வராமல் போற சம்பளம். 28,000 வீதம் 24 மாசத்துக்கு 6,72,000 ரூபாய். வீட்டில் தங்கச்சி கல்யாணமோ வீட்டு லோனோ இருக்கிறவங்க இந்த நம்பரை அம்மா அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

அதனால நான் சொல்றது, வேலையை விடாம முதல்ல சோதிச்சுப் பாருங்க. இக்னோவில் இங்கிலீஷை இரண்டாம் மொழியா சொல்லித்தர்றதுக்கே ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் இருக்கு, சில ஆயிரத்தில் முடியும். ஹைதராபாத்தில் 1958-ல் தொடங்கின ஆங்கில நிறுவனம், இப்போ இஃப்லு பல்கலைக்கழகம், தொலைதூரத்திலும் இதே துறையில் படிப்பு நடத்துது. அதோட ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம், உங்க ஏரியாவில் ஒடிசா, பீகார்லிருந்து வந்து தங்கியிருக்கிற குடும்பத்துக் குழந்தைகளுக்கு ஏ.பி.சி.டி. சொல்லிக்கொடுங்க. ஆறு மாசம் கழிச்சும் ஞாயித்துக்கிழமை காலையில் எந்திரிக்கப் பிடிச்சா பி.எட். பத்தி பேசலாம். "எக்ஸ்போர்ட் டென்ஷன்லிருந்து தப்பிக்கணும்" மட்டும்தான் காரணம்னா, முப்பத்தஞ்சு பசங்க இருக்கிற வகுப்பு ஷிப்மெண்ட் வாரத்தை விட அமைதியா இருக்கும்னு நினைக்காதீங்க.

ஆஃபர் லெட்டர், வேலை விசா ரெண்டும் கையில் வாங்கிட்டவங்களுக்கு வேற சில வேலைகள் இருக்கு. வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவா இருந்தா வரிக்கணக்கில் என்.ஆர்.ஐ., அதனால செப்டம்பர் முடியறதுக்குள்ள கிளம்புறதா அப்புறமா கிளம்புறதான்னு ஒரு தடவை யோசிங்க. சேவிங்ஸ் அக்கவுண்டை என்.ஆர்.ஓ.வா மாத்தணும். ஏற்கெனவே இருக்கிற பி.பி.எஃப்.பை முதிர்வு வரை தொடரலாம், புதுசா ஆரம்பிக்க முடியாது. பி.எஃப். பணத்தை அஞ்சு வருஷ சர்வீஸ் முடியும் முன் எடுத்தா வரி விழும். பழைய கம்பெனி பி.எஃப்.பை புது கம்பெனிக்கு மாத்தியிருந்தா அந்த வருஷங்களும் இதில் சேரும், ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அதைப் பார்த்துக்குங்க.