கூட்டம் முடிந்தது, முடிவு எங்கே?

1922 மார்ச் 5 அன்று சோவியத் நாளேடான 'இஸ்வெஸ்தியா'வில் மாயகோவ்ஸ்கியின் எள்ளல் கவிதை ஒன்று வெளியாயிற்று. ஓர் அலுவலகத்திற்கு மனுதாரர் எத்தனை முறை சென்றாலும் அங்குள்ளோர் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பொறுமையிழந்து உள்ளே நுழைந்தவர் காண்பதோ பாதி உடல்களை! ஒரே நேரத்தில் இரு கூட்டங்களுக்குச் செல்ல வேண்டியிருந்ததால் தம்மையே இரண்டாகப் பிளந்துகொண்டார்களாம். மறுநாள் உலோகத் தொழிலாளர் மாநாட்டின் கம்யூனிஸ்ட் பிரிவினரிடையே பேசிய லெனின், கவிதையைப் பற்றித் தமக்குத் தெரியாது, ஆனால் அதன் அரசியல் முற்றிலும் சரியானது என்று பாராட்டினார். உரிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் முடிவுகளின் நிறைவேற்றத்தைச் சரிபார்ப்பதுமே முதன்மையானவை என்று அக்காலத்தில் அவர் இடைவிடாது வலியுறுத்திவந்தார்.

அந்த எள்ளல் நமக்கும் பொருந்தும். ஆலைக் கிளை ஒன்றில் ஆறு மணிக்கு அறிவித்த கூட்டம் ஏழு மணிக்குத் தொடங்குகிறது. உலக நிலை, நாட்டு நிலை, மாநில நிலை என அறிக்கை ஒன்றரை மணி நேரம் நீள்கிறது. ஒப்பந்தத் தொழிலாளரிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதி அவர்களது கணக்கில் சேரவில்லை என்ற செய்தி, 'இதர' என்னும் கடைசிப் பொருளில் வருகிறது. அதற்குள் பெண் தோழர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். இரவு ஷிப்டுக்குரியவர் ஆலைக்குள் நுழைந்துவிட்டார். எஞ்சிய நால்வர் முடிவெடுக்கிறார்கள்.

இது வெறும் நேரச் சிக்கல் அன்று. முடிவுக்கு முன் முழு விவாதம், முடிவுக்குப் பின் ஒன்றுபட்ட செயல் என்பதே ஜனநாயக மத்தியத்துவம். விவாதத்திற்குரிய நேரத்தை அறிக்கை விழுங்கிவிட்டால் மத்தியத்துவம் மட்டுமே எஞ்சும். ஜனநாயகம் வீட்டுக்குப் போய்விடும்.

செய்யவேண்டியவை எளியவை. நிகழ்ச்சி நிரலும் அறிக்கையும் இரு நாள் முன்னரே தோழர்களின் கைக்குச் சேரட்டும். கூட்டத்தில் அவற்றை விவாதித்தால் போதும். சென்ற கூட்டத்தின் முடிவுகளில் எவை நிறைவேறின, எவை ஏன் நிறைவேறவில்லை என்பதே முதற்பொருளாகட்டும். அடுத்து ஆலைப் பிரச்சனை வரட்டும். நாட்டு நிலையை அதனோடு இணைத்து விளக்குவது செயலாளரின் கடமை. வழக்கமாகப் பேசுவோருக்கு முன், பேசாதோரைக் கேளுங்கள். பொறுப்பாளர் பெயரும் முடிக்கவேண்டிய நாளும் இல்லாத எதனையும் குறிப்பேட்டில் 'முடிவு' என்று எழுதாதீர்கள்.

முதலாளியும் கூட்டத்தைச் சுருக்கச் சொல்வார்; தொழிலாளி பேசாதிருப்பதே அவரது சிக்கனம். நாம் சுருக்கவேண்டியது மேடையின் பேச்சை. பெருக்கவேண்டியது உறுப்பினரின் பேச்சை. எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த தொழிலாளி, தன் ஓய்வு நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை இயக்கத்திற்குத் தருகிறார். வைப்பு நிதி பற்றி ஒரு முடிவேனும் தெரிந்துகொண்டு அவர் வீடு திரும்ப வேண்டாமா, தோழர்களே?