குழாயைக் கழற்ற இரண்டு நாளா?

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். பிளம்பர் வருகிறார். ரெஞ்சைப் போட்டுத் திருகுகிறார். குழாய் அசையவில்லை. எண்ணெயை விட்டுவிட்டு, "நாளைக் காலையில் வருகிறேன், அம்மா" என்று புறப்படுகிறார்.

நமக்குக் கோபம் வருகிறது. "ஒரு குழாயைக் கழற்ற இரண்டு நாளா? வேலை தெரியாத ஆள்!" என்கிறோம்.

என்னைக் கேட்டால், அவர்தான் வேலை தெரிந்தவர்.

ஏன் ஒட்டிக் கொள்கிறது?

பழைய வீடுகளில் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் இரும்புப் பைப்பு. துருப் பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசி இருப்பார்கள். ஆனால், முனையில் மரை வெட்டும்போது அந்தப் பூச்சு போய்விடுகிறது. வெறும் இரும்பு மிஞ்சுகிறது. அதில் பித்தளைக் குழாயை மாட்டுகிறோம். இரும்பும் பித்தளையும் தண்ணீரில் சேர்ந்து இருந்தால், இரும்பு சீக்கிரம் அரித்துப் போகும். உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம்! இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும். மரையின் இடுக்கெல்லாம் துரு நிறைந்து, இரண்டும் இறுகிப் போகின்றன.

பைப்போ மெலிந்து போயிருக்கும். பலம் கொண்ட மட்டும் திருகினால், சுவருக்குள்ளேயே ஒடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. குற்றம் என்னுடையது. "ஓங்கித் திருகப்பா!" என்று அவசரப்படுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஓட்டைப் பெயர்த்து, சுவரை இடித்து, நான்கு நாள் பக்கத்து வீட்டில் குளியல்!

எண்ணெய் ஊறட்டும்

முதலில் வால்வை மூடி, தண்ணீரை வடித்துவிட வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் விட்டு, ஓர் இரவு ஊற விட வேண்டும். காலையில் லேசாகத் தட்ட வேண்டும். பைப்பு வெளியே தெரிந்தால், அதை ஒரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக் கொண்டு, இன்னொரு ரெஞ்சால் குழாயைத் திருக வேண்டும். இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசைத்தால், துரு உதிர்ந்து வழிவிடும். வராவிட்டால், மறுபடியும் எண்ணெய்தான்.

இதில் பாதி நேரம் அவர் சும்மா இருப்பது போலத் தெரியும். அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. சுவரை இடித்தால் மட்டும் எண்ணிக் கொடுக்கிறோம்! பிறகு அவர் ஏன் இரண்டாம் முறை வருவார்? அன்றைக்கே ஓங்கித் திருகத்தான் செய்வார்.

ஆகவே, இரண்டு தடவை வந்தால் இரண்டு தடவைக்கும் பணம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் நாள் எண்ணெய் விட்டுப் போகிறவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள்.