எண்ணெய் குடிப்பது வண்டியா, டிரைவரா?

தோட்டத்துப் பிக்கப் வண்டியில் எஞ்சின் எண்ணெய் குறைந்தால், டிரைவர் திருடிவிட்டான் என்று பழி! விசாரணை இல்லை, சோதனை இல்லை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் மட்டும் உண்டு. ஒரு தோட்டத்தில் நடந்த இந்த அநியாயத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நிர்வாகம் முதலில் வண்டியை விசாரிக்கட்டும். அடியில் ஒழுகுகிறதா? ஒட்டுப்பால் மூட்டையோடு மேடேறும்போது நீலப் புகை கக்குகிறதா? நீலப் புகை எண்ணெய் எரிவதற்கு அடையாளம். டீசல் வண்டியானால் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குச் செலவு சொற்பம். அடுத்து டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் தேங்கி நின்றால் டர்போ தேய்ந்திருக்கலாம். பிறகு கம்ப்ரெஷன் சோதனை. அழுத்தம் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பாருங்கள். கெட்டி எண்ணெயை ஊற்றி நாளைக் கடத்துவது வைத்தியமல்ல!

டிரைவர்களே! வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து எண்ணெய்க் கம்பியைப் பாருங்கள். கிராணிமார்களே! ஊற்றிய அளவையும் ஓடிய தூரத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு கையிலிருந்தால், வெறும் வாய்ப்பழி நிற்காது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் சட்டவிரோதம். தேய்ந்த ரிங்குக்குத் தொழிலாளி அபராதம் கட்டுவதா? பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வண்டியைப் பழுது பாருங்கள்!