இருபது வயதுக்கு மேல் தெரிந்தால் என்ன?

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு ஆட்டிசம் உறுதியானால், ‘இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தாய்?’ என்று வீட்டார் கேட்கிறார்கள். நன்றாக இருந்தார்களா, சமாளித்தார்களா என்பதே விஷயம். அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறது 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 மருத்துவக் கையேடு. ஆனால், பழகிக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்திருக்கலாம், சமூகத்தின் எதிர்பார்ப்பு தாங்குமளவை மீறும்போதுதான் முழுதாகத் தெரியலாம் என்றும் அதுவே ஒப்புக்கொள்கிறது. பள்ளியில் மணியடித்தால் அடுத்த பாடம். அலுவலகத்திலோ மேலாளரின் அரைகுறைப் பேச்சுக்கு அர்த்தம் பிடிக்க வேண்டும், டியூப்லைட் ரீங்காரத்துக்கு நடுவே கணக்குப் பார்க்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கவும் வேண்டும். ‘திமிர் பிடித்தவன்’, ‘ஊமைக்கோட்டான்’ என்று ஊர் வைத்த பெயர்களைவிட மருத்துவர் சொல்லும் பெயர் எவ்வளவோ மேல்.

ரீல்ஸ் பார்த்துத் தனக்கும் ஆட்டிசம் என்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புகாரில் உண்மை உண்டு. அதனால்தான் குழந்தைப்பருவத்தையும் விசாரித்தறியும் முறையான பரிசோதனை வேண்டும் என்கிறோம். வரன் தட்டிப்போகும் என்ற பெற்றோரின் பயத்தையும் வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், யாரிடம் எப்போது சொல்வது என்பது சம்பந்தப்பட்டவரின் முடிவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு 40% பாதிப்புச் சான்று தேவை. வெளிப்பார்வைக்குச் சமாளிப்பவர்களுக்கு அது கிடைப்பது கடினம். எனினும், நியாயமான வசதிகளுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவுபடுத்திவிட்டது. வேலையை எழுத்தில் தருவதற்கும், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள விடுவதற்கும் நிர்வாகங்களுக்கு என்ன செலவு?