ஓரத்து நம்பரைப் பாருங்க மக்கா!

வீட்டுலயே பிலிம் கழுவுறவங்க ஒரு ரோல் சொதப்பினா உடனே அடுத்த ரோலுக்கு டெவலப்பர் நேரத்தை ஏத்திடறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடில்லை. நோய் என்னன்னு தெரியாம மருந்து கொடுக்கலாமா?

பிலிம் ஓரத்துல கம்பெனிக்காரனே பதிச்ச நம்பர்கள் இருக்கும். உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நம்பர் நல்ல கறுப்பா இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தா ஒளி பத்தலை. நம்பரும் மங்கலா? டெவலப்பிங்லதான் கோளாறு. நம்பரே காணோம்னா டெவலப்பர் செத்திருக்கணும், இல்லை ஃபிக்ஸரை முதல்ல ஊத்தியிருக்கணும். அந்த ரோலுக்குப் பால் ஊத்திட வேண்டியதுதான் :-)

பிலிமே பால் மாதிரி வெளுத்திருந்தா மட்டும் பதறாதீங்க. புது ஃபிக்ஸர்ல மறுபடி போட்டு நல்லா அலசினா தெளிஞ்சிடும்.

நிஜமான வாய்ப்பு கழுவுறதுக்கு முன்னாடிதான். 400 வேக எச்பி5 பிளஸ்ஸை 1600ன்னு வெச்சு எடுத்துட்டீங்களா? ஐடி-11 ஸ்டாக்ல, 20 டிகிரியில, ஏழரை நிமிஷத்துக்குப் பதிலா 14 நிமிஷம். இல்ஃபோர்டே கொடுத்த கணக்கு. ஆனா நிழல்ல பதியாத விவரம் போனது போனதுதான். பாதி ரோல்ல வேகத்தை மாத்தினவங்க, எந்தப் பாதி வேணும்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க.