பனித்தடுப்புக் கருவியும் தமிழ் பேசட்டும்!

ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே சூட்டியவர் தமிழர். முன்பனியும் பின்பனியும் பழந்தமிழ் நூல்களின் காலந்தொட்டு வழங்குவன. பனித்துளி வேறு, மூடுபனி வேறு, உறைபனி வேறு எனப் பகுத்தறியும் சொல்வளமும் தமிழுக்கு உண்டு. அத்தகைய மொழியைப் பேசும் இளைஞன் ஒருவன், தன் தொலைநோக்கியில் பனி படியாமல் காக்கும் சிறு கருவியொன்றை இயக்க, இன்று ஆங்கிலத் திரையின்முன் கைகட்டி நிற்கின்றான். இந்நிலை இரங்கத்தக்கது, ஆயின் எளிதில் மாற்றத்தக்கதும் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், சிலை, சுறவத் (மார்கழி, தை) திங்கள்களில் தமிழகத்து வானம் பெரிதும் தெளிகின்றது. அறுமீனும் வேட்டைக்காரன் என்னும் விண்மீன் கூட்டமும் உச்சிக்கேறும் அப்பொழுதே விண்ணோக்குவார்க்கு உகந்தது. பனி மிகுவதும் அப்பொழுதுதான். முகிலற்ற இரவில், வானை நோக்கி நிற்கும் கண்ணாடிவில்லை தன் வெப்பத்தை வெளியிட்டுச் சூழ்ந்துள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகின்றது. அவ்வாறு குளிர்ந்து பனிநிலைக்குக் கீழிறங்கியதும், காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நுண்துளிகளாகப் படிகின்றது. காற்றின் வெப்பநிலை 20 பாகை செல்சியசு, சார்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனின், பனிநிலை ஏறத்தாழ 16.4 பாகை. ஈரப்பதம் 90 விழுக்காடாயின் அது 18.3 பாகைக்கு உயர்ந்துவிடும். அப்பொழுது கண்ணாடி இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும். விண்மீன்கள் மங்கி மறையும்.

இதனைத் தடுப்பது சூட்டுப்பட்டை. வில்லையைச் சூழக் குழாயின்மேல் கட்டப்பெறும் இப்பட்டை, 12 வோல்ட்டு மின்கலத்தால் மெல்லெனச் சூடேறும். அதனை ஆள்வது மின்கட்டுப்படுத்தி. பட்டைக்கும் படக்கருவிக்கும் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கிக்கும் மின்னைப் பகிர்ந்தளிப்பதும் அதுவே. கணினியில் இயங்கும் மென்பொருள், உணரி காட்டும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கொண்டு பனிநிலையைக் கணக்கிடுகின்றது. பட்டைக்கு எத்துணை விழுக்காடு ஆற்றல் செல்ல வேண்டும் என முடிவு செய்கின்றது. 40 விழுக்காடு என்றால், மின்னோட்டம் நொடிக்குநொடி விட்டுவிட்டுப் பாய்ந்து, மொத்த நேரத்தில் 40 விழுக்காடு மட்டுமே ஓடுகின்றது என்பது பொருள்.

இங்கேதான் மொழியின் தேவை புலப்படுகின்றது. கண்ணாடியைப் பனிநிலைக்கு ஓரிரு பாகை மேலாக வைத்திருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட சூடு கேடே விளைக்கும். வில்லையின் முன்னே வெப்பக்காற்று எழுந்து அலையும்; கோள்களின் உருவம் நடுங்கும். மின்கலமும் விரைவில் வற்றும். ஒவ்வொன்றும் ஓர் ஆம்பியர் இழுக்கும் இரண்டு பட்டைகளை முழு ஆற்றலில் விட்டால், 20 ஆம்பியர்-மணிக் கலம் கணக்களவிலேயே 10 மணி நேரந்தான் தாங்கும். பாதி ஆற்றலில் விட்டால் 20 மணி நேரம் தாங்கும். படக்கருவியும் தாங்கியும் இழுப்பதையும் கூட்டிப் பார்த்தால், விடியுமுன் எல்லாம் அடங்கிப் போகுமா, போகாதா என்பது இத்திரையிலுள்ள ஒற்றை எண்ணைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது. எண் விளங்கும், அதனருகே நிற்கும் சொல் விளங்கவில்லையெனின் எண்ணால் பயனென்ன? சொல் விளங்காதவன் அஞ்சி எல்லாவற்றையும் முழு ஆற்றலுக்கு உயர்த்துவான். கருவி இருந்தும் இரவை இழப்பான்.

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை, ஈரப்பதம், பனிநிலை ஆகிய சொற்கள் புதியனவல்ல. தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகள் இயற்பியலை மேனிலைப் பள்ளிவரை தமிழிலேயே கற்கின்றனர். கற்ற அறிவு தமிழில் இருக்கின்றது. கையாளும் கருவி ஆங்கிலத்தில் இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே தோன்றும் பள்ளத்தில் விழுபவன், தன் மொழி பள்ளியோடு முடிந்துவிட்டது என்றே எண்ணுவான். கருவியறையில் நுழையாத மொழி, நாளடைவில் கல்வியறையிலிருந்தும் வெளியேற்றப்படும். இச்சிறு கருவியைப் பற்றிய பேச்சு சிறு பேச்சன்று என்பதற்கு இதுவே கரணியம்.

"விண்ணோக்குவார் மிகச் சிலர், அவர்க்கு ஆங்கிலமே போதும்" என்பார் உளர். சிலராயிருப்பதற்கே மொழித்தடையும் ஒரு கரணியம் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. சப்பானியர் வானியல் மென்பொருள்களைத் தம் மொழியிலேயே ஆக்கிப் பயன்படுத்துகின்றனர். அதனால் அவர்தம் விண்ணாய்வு குன்றிவிடவில்லை. இன்னுஞ் சிலர் 'டியூ ஈட்டர்' என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டுக் கடமை முடிந்ததென்பர். எழுத்து மாறினும் அது தமிழாகாது. அச்சொல் கருவியின் பெயரைச் சொல்லுமேயன்றி அதன் செயலைச் சொல்லாது. 'பனித்தடுப்புச் சூட்டுப்பட்டை' என்பதோ தன் வேலையைத் தானே விளக்கி நிற்கின்றது.

வழியும் அடைபட்டிருக்கவில்லை. விண்ணோக்குக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் பொதுநெறிகளாக, விண்டோசில் ஆசுகாமும் இலினக்சில் இண்டியும் வழங்குகின்றன. இண்டி திறந்த மூலநிரலாக உள்ளது. எவரும் காணலாம், திருத்தலாம். அதனோடு இணைந்து இயங்கும் கேசுடார்சு என்னும் விண்மீன்வரை மென்பொருள், தன்னார்வலர் பலர் பல மொழிகளில் ஆக்கித் தரும் கேடிஈ தொகுதியைச் சேர்ந்தது. தமிழாக்கம் செய்வோரும் அத்தொகுதியில் பணியாற்றியுள்ளனர். கணினியில் தமிழெழுத்துக்கு 1991 இலேயே ஒருங்குறியில் இடம் கிடைத்தது. 1999 இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டின் வழித் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தது. எழுத்து இல்லை, விசை இல்லை என்னும் சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எஞ்சியிருப்பது சோம்பல் ஒன்றே.

செய்ய வேண்டுவனவும் மலைக்கத்தக்கன அல்ல. இத்தகைய கட்டுப்படுத்தியின் திரையில் வரும் சொற்கள் சிலவே. மின்வாயில், ஆளி, மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், பனிநிலை, சூட்டளவு, தன்னியக்கம், கையியக்கம் என அவை ஒரு தாளில் அடங்கிவிடும். ஆயினும், ஏட்டில் எழுதி மகிழ்வதோடு நிற்றல் ஆகாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே வழங்குதல் வேண்டும். வெப்பநிலை, வெப்பம், சூடு என்பவற்றைக் கலத்தலும் ஆகாது. ஆக்கிய சொற்களை முன்பனி இரவில், தொலைநோக்கியின் அருகில் வைத்து ஆய்தல் வேண்டும். மங்கலான செவ்வொளியில், குளிரில் விறைத்த கையோடு ஒரு மாணவன் படித்தவுடன் விளங்கும் சொல்லே நிலைக்கும். விளங்காத சொல்லை, அது தூய தமிழேயாயினும், திருத்திக்கொள்ளல் வேண்டும்.

நிரலறிந்த தமிழிளைஞர்க்கும் வானியல் மன்றங்கட்கும் பள்ளி ஆசிரியர்க்கும் இது கூட்டுக்கடமை. அடுத்த முன்பனிக்குள் ஒரு கட்டுப்படுத்தியின் திரையேனும் தமிழில் ஒளிர்தல் வேண்டும். தமிழன் தன் தொலைநோக்கியைத் தன் மொழியால் ஆளும் இரவில், கண்ணாடியில் படிந்த பனி மட்டுமன்று, அவன் அறிவின்மேல் படிந்த அயன்மைப் பனியும் உடன் விலகும்.